36 பேரை வைத்து உலகத்துக்கே மருந்தா? மருத்துவ ஆய்வுகள் சறுக்கும் 7 இடங்கள்

"இந்த மாத்திரை போட்டால் ஆபத்து இருமடங்கு", "இந்தக் காயைச் சாப்பிட்டால் சுகர் குறையும்: ஆய்வில் தகவல்". தினமும் இப்படி ஒரு செய்தியாவது நம் மொபைலுக்கு வந்துவிடுகிறது. கீழே 'மருத்துவ இதழில் வெளியான ஆய்வு' என்று ஒரு வரி இருந்தால் போதும், நம்பிவிடுகிறோம். ஃபேமிலி குரூப்பிலும் ஃபார்வர்டு செய்துவிடுகிறோம்.

ஆனால் மருத்துவ இதழில் வந்துவிட்டாலே அது சரியாகத்தான் இருக்குமா? இல்லை என்பதற்கு நாம் எல்லோரும் கண்ணால் பார்த்த உதாரணம் ஒன்று இருக்கிறது. அதுதான் கொரோனா காலத்து ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கதை.

என்ன நடந்தது?

2020 மார்ச் 20. பிரான்ஸின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மலேரியாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் தரப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையைக் கொரோனா நோயாளிகளுக்குக் கொடுத்தார்களாம். 6-வது நாளில், மருந்து சாப்பிட்டவர்களில் 70% பேருக்கு வைரஸ் இல்லை. சாப்பிடாதவர்களில் 12.5% பேருக்கு மட்டுமே வைரஸ் இல்லை.

கேட்பதற்குப் பிரமாதம். மறுநாளே அமெரிக்க அதிபராக இருந்த டிரம்ப் இந்த மருந்தைப் புகழ்ந்து ட்வீட் போட்டார். இந்தியாவில் ஐசிஎம்ஆர், அதே மார்ச் மாதத்தில், சுகாதாரப் பணியாளர்கள் முன்னெச்சரிக்கையாக இதை எடுத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. மருந்தின் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. பல நாடுகளில் மெடிக்கல் ஷாப்பில் ஸ்டாக் தீர்ந்தது. லூபஸ், முடக்குவாதம் என்று வருடக்கணக்கில் இதே மாத்திரையை நம்பி வாழ்பவர்கள் கிடைக்காமல் அலைந்தார்கள்.

இவ்வளவுக்கும் அந்த ஆய்வில் கடைசியாகக் கணக்கில் வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 36 பேர். மருந்து எடுத்தவர்கள் 20, எடுக்காதவர்கள் 16.

அந்தக் கட்டுரையை 2024 டிசம்பரில் அந்த இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் அதில் இருந்த தவறுகள் புதிதல்ல. மருத்துவ ஆய்வுகளில் திரும்பத் திரும்ப நடப்பவைதான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தவறு 1: சமமில்லாத இரண்டு குழுக்களை ஒப்பிடுவது

மார்சேய் ஆய்வில் மருந்து சாப்பிடாத குழுவில் இருந்தவர்கள் யார்? வேறு மருத்துவமனைகளில் இருந்தவர்களும், மருந்து வேண்டாம் என்று மறுத்தவர்களும்தான். வயது, நோயின் தீவிரம், டெஸ்ட் எடுத்த விதம் எல்லாமே மாறுபடலாம். அப்படி இருக்கும்போது கிடைத்த வித்தியாசம் மருந்தால் வந்ததா, ஆட்களால் வந்ததா என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்தத் தவறு பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. மெனோபாஸுக்குப் பிறகு ஹார்மோன் மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பல வருடங்களாக ஆய்வுகள் சொல்லிவந்தன. ஆனால் அந்த மாத்திரையை எடுத்தவர்கள் பொதுவாக வசதியானவர்கள், உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள், அடிக்கடி டாக்டரைப் பார்ப்பவர்கள். அவர்களுக்கு மாரடைப்பு குறைந்ததில் மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, வாழ்க்கை முறைக்கு எவ்வளவு பங்கு?

இதற்கு விடை தேட அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நிஜ ஹார்மோன் மாத்திரை, இன்னொரு குழுவுக்கு அதே தோற்றத்தில் டம்மி மாத்திரை. 2002 ஜூலையில் அந்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. காரணம், ஹார்மோன் எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 10,000 பேரில் கூடுதலாக 7 பேருக்கு இதயப் பாதிப்பு, 8 பேருக்குப் பக்கவாதம், 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய். மெனோபாஸ் தொந்தரவுகளுக்கு டாக்டர் ஆலோசனையோடு ஹார்மோன் சிகிச்சை இன்றும் உண்டு. ஆனால் மாரடைப்பைத் தடுப்பதற்காக என்று அதைக் கொடுப்பதில்லை.

குலுக்கல் முறையின் அருமையை உலகத்துக்குக் காட்டிய ஒரு ஆய்வு நம்ம சென்னையில்தான் நடந்தது. 1956-ல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு பகுதியினருக்கு சானடோரியத்தில் சிகிச்சை, மற்றவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை. நோயாளிகளையே முடிவெடுக்க விட்டிருந்தால், ரொம்ப முடியாதவர்கள் சானடோரியத்துக்கும், ஓரளவு தெம்பாக இருப்பவர்கள் வீட்டுக்கும் போயிருப்பார்கள். ஒப்பீடே வீணாகியிருக்கும்.

1959-ல் வந்த முடிவு பலரை ஆச்சரியப்படுத்தியது. நல்ல சாப்பாடு, முழு ஓய்வு கிடைத்த சானடோரியம் நோயாளிகளுக்கு ஏறக்குறைய இணையாக, ஏழ்மையான வீடுகளில் இருந்தவர்களும் குணமடைந்தார்கள். உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

தவறு 2: பாதியில் போனவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது

மறுபடி மார்சேய்க்கு வருவோம். உண்மையில் அங்கே மருந்து ஆரம்பித்தவர்கள் 20 பேர் இல்லை, 26 பேர். மீதி 6 பேர் என்ன ஆனார்கள்?

3 பேரை ஐசியூவுக்கு மாற்றினார்கள். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் குமட்டல் காரணமாக மருந்தை நிறுத்திவிட்டார். ஒருவர் மருத்துவமனையிலிருந்து கிளம்பிவிட்டார். இந்த 6 பேரையும் விட்டுவிட்டுத்தான் 70% என்ற கணக்கு போடப்பட்டது.

சிம்பிளா சொன்னா, சுமாராகப் படிக்கும் பிள்ளைகளைப் பரீட்சையே எழுத விடாமல் செய்துவிட்டு, வாசலில் '100% தேர்ச்சி' என்று பேனர் வைப்பது மாதிரி. இறந்தவரையும் ஐசியூ போனவர்களையும் கழித்துவிட்டால் எந்த மருந்துதான் நல்ல மருந்தாகத் தெரியாது?

சரியான வழி எளிது. ஆரம்பத்தில் யார் எந்தக் குழுவில் சேர்க்கப்பட்டார்களோ, கடைசிக் கணக்கிலும் அவர்கள் அந்தக் குழுவிலேயே இருக்க வேண்டும். நடுவில் மருந்தை நிறுத்தினாலும் சரி. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், ஏன் விலகினார்கள் என்பதையும் கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

தவறு 3: கொஞ்சம் பேரை வைத்துப் பெரிய முடிவு

ஒரு நாணயத்தை 10 தடவை சுண்டினால் 7 தடவை தலை விழுவது சகஜம். அதை வைத்து நாணயத்தில் கோளாறு என்று சொல்ல மாட்டோம். 1,000 தடவை சுண்டி 700 தலை விழுந்தால்தான் சந்தேகப்படணும். ஆய்வும் அப்படித்தான். ஆட்கள் குறைவாக இருந்தால் தற்செயலின் ஆட்டம் அதிகம்.

எத்தனை பேர் வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியும். ஒரு நோயில் 100-க்கு 25 பேர் இறக்கிறார்கள், ஒரு மருந்து அதை 20 ஆகக் குறைக்கிறதா என்று தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான கணக்குப்படி, ஒவ்வொரு குழுவிலும் சுமார் 1,100 பேர் தேவை. 20, 30 பேரை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு இதைத்தான் செய்தது. 1,561 பேருக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், 3,155 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். பிரித்தது குலுக்கல் முறையில். 28 நாட்களில் மருந்து எடுத்தவர்களில் 27% பேரும், எடுக்காதவர்களில் 25% பேரும் இறந்தார்கள். கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் உயிரை இந்த மருந்து காப்பாற்றவில்லை என்று 2020 ஜூன் 5-ம் தேதி அறிவித்தார்கள்.

அப்போ மருந்து 2% பேரைக் கூடுதலாகக் கொன்றதா? அப்படியும் சொல்ல முடியாது. தற்செயலையும் கணக்கில் எடுத்தால், உண்மையான விளைவு 3% குறைவான இறப்பிலிருந்து 23% அதிகமான இறப்பு வரை எங்கேயும் இருக்கலாம் என்று அந்த ஆய்வு சொன்னது. அதாவது, தீங்கு செய்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பெரிய நன்மை இல்லை என்பது தெளிவு.

இப்படி ஒரு வரம்பைச் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மையான ஆய்வின் அடையாளம். இதன் மறுபக்கமும் முக்கியம். 30 பேரை வைத்துச் செய்த ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை என்றால், 'மருந்துக்குப் பலன் இல்லை' என்று அர்த்தமில்லை. கண்டுபிடிக்கும் அளவுக்கு ஆட்கள் இல்லை என்றுதான் அர்த்தம்.

தவறு 4: ரிப்போர்ட்டைப் பார்த்து ஆளை மறப்பது

மார்சேய் ஆய்வு அளந்தது மூக்கில் வைரஸ் இருக்கிறதா என்பதை. நோயாளிக்கு முக்கியமானது எது? உயிர் பிழைப்பது, வீடு திரும்புவது. இரண்டும் ஒன்றல்ல.

இந்தத் தவறு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 1980-களின் அமெரிக்காவைப் பார்க்கணும். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்தால், திடீர் மரணத்துக்கு வாய்ப்பு அதிகம். அந்தத் துடிப்பைச் சீராக்க என்கெய்னைட், ஃப்ளெக்கெய்னைட் என்ற மருந்துகள் இருந்தன. ஈசிஜி அழகாகச் சீரானது. 'துடிப்பு சரியானால் உயிரும் பிழைக்கும்' என்ற நம்பிக்கையில் டாக்டர்கள் எழுதிக்கொடுத்தார்கள்.

பிறகுதான் முறையாகச் சோதித்தார்கள். மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். டம்மி மாத்திரை எடுத்த 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர்தான். ஈசிஜி நன்றாக இருந்தது, ஆள் இல்லை. சுகர் அளவு, கொழுப்பு அளவு, ஸ்கேன் ரிப்போர்ட் இவற்றில் மட்டும் முன்னேற்றம் காட்டும் ஆய்வைப் படிக்கும்போது இந்த 63 பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தவறு 5: கிடைக்கும் வரை தேடுவது

ஆய்வுக் கட்டுரைகளில் 'பி வேல்யூ' என்று ஒன்று வரும். அது 0.05-க்குக் கீழே இருந்தால் முடிவு முக்கியமானது என்பார்கள். அதற்கு என்ன அர்த்தம்? மருந்துக்குப் பலனே இல்லை என்று வைத்துக்கொண்டால்கூட, இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வர 100-ல் 5-க்கும் குறைவான வாய்ப்பு. அவ்வளவுதான். 'மருந்து வேலை செய்ய 95% வாய்ப்பு' என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ஆய்வாளர்களே பலர் இந்த இடத்தில் குழம்புவார்கள்.

இங்கேதான் இன்னொரு வலை. பலனே இல்லாத மருந்தை 20 விதமாகச் சோதித்தால், அதில் ஒன்றாவது தற்செயலாக 'வெற்றி' காட்ட சுமார் 64% வாய்ப்பு இருக்கிறது. ஆண்கள், பெண்கள், 50 வயதுக்கு மேல், சுகர் உள்ளவர்கள் என்று கூறுபோட்டுக்கொண்டே போனால் ஏதாவது ஒரு இடத்தில் மாட்டும்.

இதை ராசி பலனை வைத்தே கிண்டலாக நிரூபித்தார்கள். மாரடைப்பு நோயாளிகளுக்கு ஆஸ்பிரின் உயிர் காக்கிறது என்று 17,187 பேரை வைத்துச் செய்த ஐசிஸ்-2 ஆய்வு 1988-ல் நிரூபித்தது. நோயாளிகளை வகை வகையாகப் பிரித்துத் தனித்தனி முடிவு சொல்வது ஏன் ஆபத்து என்று புரியவைக்க, பிறந்த தேதியை வைத்து மேற்கத்திய ராசிப்படியும் பிரித்துக் காட்டினார்கள். முடிவு? மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் பலன் தரவில்லை, லேசாகக் கெடுதல்! மற்ற ராசிக்காரர்களுக்கு அமோக பலன்!

மிதுன ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லப்போவதில்லை. ஆனால் 'ராசி' என்ற இடத்தில் 'ரத்த வகை' என்றோ 'வயது' என்றோ போட்டிருந்தால் நாம் நம்பியிருப்போமே? அதுதான் ஆபத்து.

தவறு 6: 'இருமடங்கு' என்று பயமுறுத்துவது

1995 அக்டோபரில் பிரிட்டன் மருந்துப் பாதுகாப்புக் குழு ஒரு எச்சரிக்கை விட்டது. புதிய வகை கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்குழாய் அடைப்பு அபாயம் இருமடங்கு ஆகிறது என்பதே செய்தி. டிவி, பத்திரிகை எல்லாவற்றிலும் அதுதான் தலைப்பு. பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள்.

இருமடங்கு என்றால் எவ்வளவிலிருந்து எவ்வளவு? 7,000 பேரில் 1 என்பது 2 ஆனது. அதாவது 7,000 பெண்களில் கூடுதலாக ஒருவர். ஆனால் மாத்திரையை நிறுத்தியதால் திட்டமிடாத கர்ப்பங்கள் அதிகரித்தன. அடுத்த ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸில் சுமார் 13,000 கூடுதல் கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிடப்படுகிறது. கர்ப்பத்தில் வரும் ரத்த அடைப்பு அபாயம் அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதுதான் சோகம்.

அதனால் சதவீதத்தோடு எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். அதே ரெகவரி ஆய்வில் வெற்றி பெற்ற டெக்ஸாமெதசோன் மருந்தைப் பாருங்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 100-க்கு 41 பேர் இறந்த இடத்தில், மருந்து கொடுத்தபோது 29 பேர் இறந்தார்கள். 100 பேரில் 12 உயிர்கள். இப்படிச் சொன்னால் யாருக்கும் புரியும், யாரும் ஏமாறவும் மாட்டார்கள்.

தவறு 7: டேட்டாவை யாரும் பார்க்காமலே நம்புவது

2020 மே 22. உலகப் புகழ்பெற்ற லான்செட் இதழில் ஒரு கட்டுரை. 671 மருத்துவமனைகள், 96,032 கொரோனா நோயாளிகள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுத்தவர்களுக்கு இறப்பு அதிகம் என்றது. இந்த முறை எண்ணிக்கையில் குறையே இல்லை. உலக சுகாதார நிறுவனமே தன் ஆய்வில் அந்த மருந்தைத் தற்காலிகமாக நிறுத்தியது.

ஆனால் கழுகுக் கண்ணோடு படித்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ஏப்ரல் 21 வரை ஆஸ்திரேலியாவில் 73 இறப்புகள் என்றது கட்டுரை. அன்றைய தேதியில் அந்த நாட்டிலேயே பதிவான மொத்த கொரோனா இறப்பு 67 தான்! டேட்டா கொடுத்த சர்ஜிஸ்பியர் நிறுவனம், முழு விவரத்தைத் தணிக்கைக்குத் தர மறுத்தது. ஜூன் 4-ம் தேதி, வெளியான இரண்டே வாரத்தில், கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

ஒரே மருந்து. ஒரு தவறான ஆய்வு அதைத் தூக்கிவிட்டது, இன்னொரு தவறான ஆய்வு அதைக் கீழே தள்ளியது. முறையான ஆய்வுதான் உண்மையைச் சொன்னது.

தவறுகளைத் தவிர்க்க ஆய்வாளர்கள் என்ன செய்யணும்?

இந்தியாவில் எம்.டி., எம்.எஸ். படிக்கும் டாக்டர்கள் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும். பலருக்கு அதுதான் முதல் ஆய்வு. அவர்களுக்கும் சரி, பெரிய ஆய்வாளர்களுக்கும் சரி, வேலையின் பாதி ஆய்வு தொடங்கும் முன்பே முடிந்துவிட வேண்டும்.

* கேள்வி ஒன்றுதான், அளக்கப்போவது எதை என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்.
* எத்தனை பேர் தேவை என்பதைக் கணக்கிட வேண்டும். அவ்வளவு பேர் கிடைக்காது என்றால், பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்ய வேண்டும்.
* புள்ளியியல் நிபுணரை முதல் நாளே கூப்பிட வேண்டும். டேட்டா எல்லாம் சேர்த்த பிறகு போனால், சிகிச்சை பார்க்க முடியாது, போஸ்ட்மார்ட்டம்தான் செய்ய முடியும்.
* ஆய்வை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இந்தியாவில் இதற்கென 2007-ல் சிடிஆர்ஐ என்ற பதிவேட்டை ஐசிஎம்ஆர் தொடங்கியது. மருந்துப் பரிசோதனைகளை அதில் பதிவு செய்வது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம்.
* முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டாலும் வெளியிட வேண்டும்.

பதிவு செய்வதில் என்ன லாபம்? 'நான் அளக்கப்போவது இறப்பு விகிதம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசியில் 'ரத்த அழுத்தம் குறைந்தது' என்று கட்டுரை எழுதினால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். கோல் போஸ்ட்டை நகர்த்த முடியாது. சிடிஆர்ஐ இணையதளத்தை நீங்களும் இலவசமாகப் பார்க்கலாம்.

நாம் என்ன செய்யலாம்?

அடுத்த முறை 'ஆய்வில் தகவல்' என்று ஏதாவது வந்தால், ஃபார்வர்டு செய்வதற்கு முன் இந்த 6 கேள்விகளைக் கேளுங்கள்:

1. மனிதர்களிடம் செய்ததா, எலியிடமா, ஆய்வகக் குடுவையிலா?
2. எத்தனை பேர்?
3. யாரோடு ஒப்பிட்டார்கள்? குலுக்கல் முறையில் பிரித்தார்களா?
4. பாதியில் விலகியவர்கள் என்ன ஆனார்கள்?
5. அளந்தது ரிப்போர்ட்டையா, நோயாளியின் நலனையா?
6. 'இருமடங்கு', '50%' என்றால், எத்தனை பேரில் எத்தனை பேர்?

இதில் இரண்டு, மூன்று கேள்விகளுக்குப் பதில் இல்லை என்றால், அந்தச் செய்தியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஒரே ஒரு ஆய்வை நம்பி மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், புதிதாக ஆரம்பிக்கவும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் அந்தச் செய்தியை அப்படியே உங்கள் டாக்டரிடம் காட்டி, "எத்தனை பேரை வைத்துச் சொல்கிறார்கள் டாக்டர்?" என்று கேளுங்கள். பேச்சைத் தொடங்க அது ஒரு நல்ல கேள்வி.